நாற்பத்தேழுக்கு வந்த காய்ச்சல்

சிட்னியின் மேற்கே நடமாடும் தமிழ் மனித வகைகளுக்குள் நீங்கள் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அதன் பெயர் டாக்டரின் தகப்பன். பிள்ளையைப் பெற்று, வளர்த்து, டாக்டராக்கி, இப்போது அந்த டாக்டருக்குத் தன்னோடு பேச நேரமில்லை என்று டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்ந்துபோன தகப்பன்மாரை நான் சொல்லவில்லை. அவர்கள் வேறு இனம், பாவம். நான் சொல்வது, டாக்டர் இன்னும் உருவாகவே இல்லை, தகப்பன் மட்டும் முழுதாக உருவாகிவிட்டார் என்ற வகை.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். ஏதாவதொரு பிறந்தநாள் விழாவுக்குப் போய் ஒருதடவை இருமுங்கள். பக்கத்துக் கதிரையிலிருந்து, "சளி என்ன நிறம்?" என்று ஒரு குரல் வரும். நீங்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பதில் தேடுவதற்குள், "பரவாயில்லை, மகளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்று உங்களை மன்னித்துவிடுவார். தட்டில் இரண்டாவது ரோல்ஸை நீங்கள் வைத்தால் கொலஸ்ட்ரோல் பற்றி எச்சரிப்பார். எச்சரித்தபடியே தன் நாலாவதைக் கடிப்பார். ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் 'டாக்டர்களுக்கு மட்டும்' என்று எழுதிய இடத்தைக் கடந்து போகும்போது இவருடைய கார் கொஞ்சம் மெதுவாகும். காணி வாங்க வந்தவர் வேலியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகுதான் கட்டணம் கட்டும் இடத்துக்குப் போவார்.

வென்ட்வேர்த்வில் குணரத்தினம் இந்த வகையின் அப்பழுக்கில்லாத மாதிரி. சரக்குக் கம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி கனகேஸ்வரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நோயாளியையும் நோயாளிபோல நடிப்பவரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடக்கூடியவர். ஒரே மகள் பிரியதர்சினி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், பயோமெடிக்கல் சயன்ஸ். அது மருத்துவப் படிப்பு அல்ல, மருத்துவப் படிப்பின் வெளிவாசல். மூன்று வருடம் அதைப் படித்து, நல்ல மார்க் வைத்து, பிறகு ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, பிறகு நேர்முகத்தில் பல்லைக் காட்டி, அதன் பிறகுதான் உள்ளே காலை வைக்கலாம். இந்த விவரமெல்லாம் குணரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மகள் என்ன படிக்கிறா என்று யாராவது கேட்டால், "மெடிசின் பக்கம்" என்பார். பொய்யா? இல்லை. பக்கம்தானே? பரமட்டாவில் இருக்கிறவர்கூட சிட்னிப் பக்கம் இருக்கிறேன் என்றுதானே சொல்கிறார்?

வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நடராசருக்கு அருகே ஒரு ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அன்றே வாங்கியது. எந்தப் பிரிவில் விசேட டாக்டராவது என்ற முடிவும் அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. இருதயம். பிள்ளையிடம் கேட்டாரா என்று நீங்கள் கேட்கக்கூடாது. அவர் தன் இருதயத்தைக் கேட்டார், போதாதா?

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில், குளிர்கால விடுமுறை தொடங்கியதும் சோதனை முடிவு வந்தது. ஓர்கானிக் கெமிஸ்ட்ரியில் நாற்பத்தேழு. தேறுவதற்கு ஐம்பது வேண்டும்.

பிரியதர்சினி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து விரிவுரையாளருக்கு எழுதி, போய்த் தன் விடைத்தாளைப் பார்த்தாள். எங்கே சறுக்கியது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பிலிருந்து டியூஷன், பழைய பேப்பர், திரும்பவும் பழைய பேப்பர் என்று வளர்ந்த பிள்ளை. கேள்வியைக் கண்டதும் பதில் மனதிலிருந்து தானாகக் கொட்டும். இங்கே கேட்டிருந்ததோ இதுவரை எந்தப் பேப்பரிலும் வராத கேள்வி. யோசிக்கச் சொல்லியிருந்தார்கள். யோசிப்பதற்கு டியூஷன் கிடையாதே! நாற்பத்தைந்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு மறுசோதனை இருந்தது. ஒரே ஒரு தடவை. தேறினால் தப்பலாம். தவறினால் பாடம் திரும்பவும் முதலிலிருந்து, அதன் மேல் நிற்கிற மற்றப் பாடங்களும் முடங்கும், ஒரு வருடம் போய்விடும். அவள் மறுசோதனைக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, குசினி யன்னல் கண்ணாடி முழுவதும் மார்க்கர் பேனாவால் மூலக்கூறுகளை வரைந்து, எந்த எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் போகிறது என்று அம்புக்குறி போட்டுத் தனக்குத் தானே சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள். கனகேஸ்வரி அந்த அம்புகளுக்குக் கீழே நின்று சொதி வைத்தார். சொதி ஆவி பட்டு இடையிடையே ஒரு கார்பன் அழிந்துபோகும். தாயே அதை அப்படியே திரும்ப வரைந்துவிடுவார்.

ஆக, குறைந்த மார்க்கிலிருந்து மாணவி எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். எழும்பாமல் கிடந்தது தகப்பன்.

இதுதான் இந்த வகையின் தலையாய இயல்பு. சோதனையைப் பிள்ளை எழுதும், வருத்தம் தகப்பனுக்கு வரும். குணரத்தினம் வேலைக்கு லீவு போட்டார். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தார். புட்டைத் தவிர வேறெதுவும் தொண்டையால் இறங்கவில்லை. புட்டு இரண்டு தடவை இறங்கியது. முதல்நாள் பல்கலைக்கழகத்தைத் திட்டினார். மறுநாள் வெள்ளைக்காரரின் வினாத்தாள் தயாரிக்கும் முறையைத் திட்டினார். அதற்கு மறுநாள் சனிபகவானை. அதுவும் தீர்ந்தபிறகு, "சனங்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று முனகினார்.

கனகேஸ்வரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சனங்கள் கேக்கேல்லையே. எழும்பிப் போய்க் கடையில அரிசிமா வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார்.

போனார். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ்க் கடைக்கு ஒரு விசேடம் உண்டு. அங்கே அரிசிமா வாங்கப் போகிறவர் வெறும் அரிசிமாவோடு திரும்பி வர முடியாது. மாப் பையைக் கையில் எடுத்துத் திரும்பினால், எதிரே மிருணாளினி நிற்கிறார். மிருணாளினியின் மகன் அருந்தவன் மெல்பேர்னில் டாக்டர். பக்கம் கிக்கம் எல்லாம் இல்லை, நிசமான டாக்டர். குணரத்தினத்தின் வாழ்க்கையில் உயரம் அளக்கும் கோல் எல்லாம் அந்த அருந்தவன்தான்.

"என்ன குணம் அண்ணை, கம்பஸ் ரிசல்ட்ஸ் வந்திட்டுதாம். பிள்ளை எப்பிடிச் செய்தவ?"

நாற்பத்தேழு என்ற எண் அவர் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றுகொண்டது.

"அவாக்கு... காய்ச்சல்."

"ஐயோ கடவுளே! எப்ப இருந்து?"

"சோதினைக்கு முதல் நாளில இருந்து."

"என்ன காய்ச்சல்?"

நீங்களாக இருந்தால் 'சும்மா தடிமன் காய்ச்சல்' என்று சொல்லித் தப்பியிருப்பீர்கள். டாக்டரின் தகப்பன் அப்படிச் சொல்வாரா? பெயரில்லாத காய்ச்சல் அவருடைய தகுதிக்குப் போதாது. அவருடைய அலுவலகத்தில் ஒருவரின் மகனுக்கு ஏதோ ஒன்று வந்து, வாரக்கணக்காக வீட்டில் படுத்திருந்தான். ஆங்கிலப் பெயர், கேட்கவும் கம்பீரம், ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் தேவையில்லை, அதனால் எந்த வார்ட் என்று யாரும் தேடிப் போகவும் மாட்டார்கள்.

"கிளாண்டுலர் ஃபீவர்," என்றார் குணரத்தினம், நோயைத் தானே கண்டுபிடித்தவரைப்போல.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, பிரியதர்சினி யன்னல் அம்புகளிலிருந்து மெதுவாகத் திரும்பினாள்.

"எனக்கு என்ன ஃபீவர் எண்டு சொன்னீங்கள்?"

"கிளாண்டுலர். கழுத்தில கட்டி வாறது. கொஞ்ச நாள் படுக்கோணும், அவ்வளவுதானே?"

"அப்பா, டு யூ ஈவன் நோ ஹவ்..." என்று தொடங்கியவள், தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். தகப்பனோடு வாதாடும் நேரத்தில் இரண்டு இரசாயனத் தாக்கங்களைப் படித்து முடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஓகே. நான் சிக். தட்ஸ் ஃபைன்," என்று சொல்லிவிட்டு மார்க்கரின் மூடியைக் கழற்றினாள்.

பொய் சொல்வது அரை நிமிட வேலை. அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் வேலை. படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளை பல்கலைக்கழக நூலகத்துக்கு எப்படிப் போவாள்? வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறினால் கடைக்காரர் காண்பார். அதனால் வெஸ்ட்மீட்வரை காரில் கொண்டுபோனார். வெஸ்ட்மீடில் பெரிய ஆஸ்பத்திரி, நம்மவர்களில் பாதிப்பேர் அங்கே வேலை. எதிர்த்திசையில் பென்டில் ஹில்லுக்குப் போனார். அங்கேயும் நமது கடைகள், நமது கண்கள். கடைசியில் ஓபர்ன்வரை ஓட்டிப்போய், மகளைத் தொப்பியோடும் கழுத்தைச் சுற்றிய சால்வையோடும் இறக்கிவிட்டு, யாரையோ கடத்திக்கொண்டு வந்தவர்போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார். காலையும் மாலையும் இதே ஓட்டம். லீவு போட்டுப் படுத்திருந்த மனிதர் வேலைக்குப் போகிறவர்களைவிட அதிகம் ஓடினார்.

மறுசோதனை நாள் வந்தது. காலைச் சாப்பாடு முடித்து, பிரியதர்சினி பையை மாட்டிச் சப்பாத்துப் போட்டு நின்றாள். குணரத்தினம் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலில் மிருணாளினி நின்றார். கையில் மல்லித்தண்ணி பிளாஸ்க். பின்னால் அவருடைய கணவர் கோபாலகிருஷ்ணன், கையில் அப்பிள் பை. அதற்கும் பின்னால் அவர்களுடைய கார், குணரத்தினத்தின் கார் வெளியே வரும் பாதையை அடைத்துக்கொண்டு.

குணரத்தினம் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு மகளைப் பார்த்து, "படு! போய்ப் படு!" என்று மூச்சோடு சொன்னார். அவள் கண்களை உருட்டிவிட்டு ஓடிப்போய், பையோடும் சப்பாத்தோடும் கம்பளிக்குள் புகுந்தாள்.

விருந்தினர் வந்து அமர்ந்தார்கள். அமர்ந்தார்கள் என்றால், சும்மா அமர்வதா? மிருணாளினி கைப்பையைக் கீழே வைத்து, சேலையைச் சரிசெய்து, கதிரையின் முதுகில் முழுதாகச் சாய்ந்தார். நோயாளி வீட்டுக்குப் போனால் உடனே எழும்புவது மரியாதையில்லை. முதலில் இந்த நோய், பிறகு வந்தவருக்கு முன்பு வந்த நோய், பிறகு இருவருக்கும் தெரிந்தவர்களை ஒரேயடியாகக் கொண்டுபோன நோய் என்று ஒழுங்காக ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். கனகேஸ்வரி கணவரையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணி போட எழும்பவேயில்லை. யாழ்ப்பாணத்துக்காரி விருந்தாளிக்குத் தேத்தண்ணி போடவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று யோசித்துப் பாருங்கள்.

"பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று மிருணாளினி எழும்பினார்.

குணரத்தினம் குறுக்கே பாய்ந்தார். "வேண்டாம், வேண்டாம்! தொத்தும்!"

"ஓம் அண்ணை." மிருணாளினி திரும்பவும் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "அதைப் பற்றித்தான் கதைக்க வந்தனான். அருந்தவனோட கதைச்சனான். அது எப்பிடித் தொத்துறதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தும்மினால்..."

"இல்லை அண்ணை. எச்சிலாலயாம். இளம் பிள்ளையளுக்குத்தான் கூட வாறதாம்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னும் தாழ்த்தினார். "முத்தத்தால."

கோபாலகிருஷ்ணன் அப்பிள்களை எண்ணுவதுபோலப் பையைப் பார்த்தார்.

"இந்தக் காலத்தில இதெல்லாம் பெரிய விஷயமில்லை, நான் பிழை சொல்லேல்லை," என்று மிருணாளினி அன்போடு தொடர்ந்தார். "ஆனா, ஆர் அந்தப் பெடியன்? எங்கட ஆக்களோ?"

குணரத்தினம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார். வாசலில் அடைத்து நிற்கிற கார், ஓடிக்கொண்டிருக்கிற மணிக்கூடு, கடையில் தான் தன் வாயாலேயே அறிவித்த நோய். இந்த இரண்டு வாரத்தில் அந்தப் பொய் வென்ட்வேர்த்வில் முழுவதும் என்னவாகப் போயிருக்கும்? உண்மையைச் சொன்னால் அவருடைய மகள் நாற்பத்தேழு எடுத்த பிள்ளை. பொய்யிலேயே நின்றால், முகம் தெரியாத ஒரு பெடியனை முத்தமிட்ட பிள்ளை. இரண்டில் எது மேல் என்று கணக்குப் பிரிவில் இத்தனை வருடம் வேலை செய்தவருக்கும் உடனே சொல்ல முடியவில்லை. அப்போது திறந்திருந்த அறைக் கதவு வழியாக அவர் கண்ணில் பட்டது கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சப்பாத்து முனைகள். அசையாமல் இருந்தன. தோற்றது அவள். அவள் யாருக்கும் பொய் சொல்லவில்லை. தோற்காத நான், அவளைப் படுக்கப் போட்டு மூடி வைத்திருக்கிறேனே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பெடியனும் இல்லை, காய்ச்சலும் இல்லை!" என்று கத்திவிட்டார். "பெயில்! கெமிஸ்ட்ரி பெயில்! இண்டைக்குத் திருப்பிச் சோதினை. அவா போகோணும். உங்கட கார் வழியில நிக்குது!"

கம்பளி எறியப்பட்டது. பையும் சப்பாத்துமாகப் பிரியதர்சினி வந்து நின்றாள். அதுவரை வாயே திறக்காத கோபாலகிருஷ்ணன் அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"வா பிள்ளை. நான் ஸ்டேஷனில விடுறன். எந்த ஸ்டேஷன்?"

"இங்க இருக்கிற ஸ்டேஷன்தான் அங்கிள்," என்று அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வென்ட்வேர்த்வில். அம்மா, போட்டு வாறன்."

கார் போயிற்று. குணரத்தினம் கதிரையில் விழுந்தார். மிருணாளினி அப்போதும் எழும்பவில்லை. கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

"எத்தினை?"

"நாப்பத்தேழு."

மிருணாளினி பிளாஸ்க்கைத் திறந்து, நோயாளிக்குக் கொண்டுவந்த மல்லித்தண்ணியை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"அருந்தவன் நாப்பத்தொண்டு," என்றார். "முதல் வருசம். நாங்கள் அம்மாள் வருத்தம் எண்டு சொன்னனாங்கள்."

குணரத்தினத்துக்கு நினைவிருந்தது. அந்த அம்மை நோய்க்காக அவர் இளநீர் தேடி அலைந்து வாங்கி, இவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடியிருக்கிறார்.

"நீங்களும் அம்மாள் எண்டு சொல்லியிருக்கோணும், அண்ணை," என்று மிருணாளினி உள்ளன்போடு குறைபட்டார். "ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டினம்."

அத்தோடு குணரத்தினம் திருந்திவிட்டார் என்று நான் முடித்தால் உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! இந்த வகை திருந்துவதில்லை. திரும்பும். இப்போது நீங்கள் அவரை எந்த விழாவிலும் பார்க்கலாம். மண்டபத்தின் மூலையில், சோர்ந்த முகத்தோடு நிற்கிற ஏதாவதொரு பெற்றோரை வளைத்து வைத்துக்கொண்டு, "நாப்பத்தேழில இருந்து எழும்பி வாறதெண்டால் என்னெண்டு நினைக்கிறியள்? எழுபது எண்பது எல்லாரும் எடுக்கலாம். விழுந்து எழும்புறதுதான் டாக்டருக்கு முக்கியம். நாங்கள் என்ன செய்தனாங்கள் தெரியுமோ?" என்று தொடங்குவார். அந்த 'நாங்கள்' யார்? கேட்காதீர்கள். சோதனைக்கு முன் யன்னலில் எழுதிப் படிக்கவேண்டும் என்ற வழியையும் அவரே கண்டுபிடித்திருக்கிறார். மெல்பேர்னில் டார்னெய்ட் பக்கமிருந்துகூட அவருக்குத் தொலைபேசி வருகிறது. பிள்ளைகளை யோசிக்கப் பழக்குவதற்கு நல்ல டியூஷன் எங்கே இருக்கிறது என்று அவர் எல்லோருக்கும் விசாரித்துச் சொல்கிறார்.

பிரியதர்சினி அந்த மறுசோதனையில் தேறினாள். தேறிவிட்டேன் என்று தாய்க்கும் தகப்பனுக்கும் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குணரத்தினம் அவள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார், கனகேஸ்வரியைத் தூதுவிட்டுப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. மார்க்கை அவள் தன்னோடு வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும்.

என்ன, நிமிர்ந்து உட்கார்கிறீர்கள்? தேறினாள் என்று சொன்னேனே, ஒரு வருடம் தப்பியது என்று விளங்கவில்லையா? அதில் ஒரு கணமாவது சந்தோஷப்பட்டீர்களா, அல்லது நேராக அந்த எண்ணுக்கே தாவிவிட்டீர்களா? நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சரி, சொல்கிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள்: உங்களுடைய பிள்ளை எத்தனை எடுத்தது?